கிரவல் பாதையும் ஒரு பழைய காடும்

"கிரவல் ரோட்டு" என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தார் போடாமல், செம்மண்ணும் சிறுகல்லும் கொட்டி இறுக்கிய பாதை. வெயில் காலத்தில் புழுதி பறக்கும், மழைக்காலத்தில் சேறாகும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்படியொரு பாதை இருந்தது. வாப்பா பின் கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவர, நான் சைக்கிள் பழகியது அதில்தான். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் சைக்கிளில் ஏறவில்லை. யாரும் தடுத்ததாக நினைவில்லை. பாடசாலைக்கு வேனில் போகத் தொடங்கினேன், சைக்கிள் தம்பியின் கைக்குப் போயிற்று. அப்படியே விட்டுப்போனது.

மறுபடி ஏறியபோது எனக்கு இருபத்தாறு வயது. இம்முறையும் கிரவல் பாதைதான், ஆனால் இங்கிலாந்தின் தெற்கில் ஒரு பழைய காட்டுக்குள். மேற்படிப்புக்காக சவுத்ஹம்ப்டன் நகரில் நானாவின் வீட்டில் இரண்டு வருடம் தங்கியிருந்தேன். சனி, ஞாயிறுகளில் மதினி என்னைத் தன்னுடன் நியூ ஃபொரஸ்ட் காட்டுக்கு அழைத்துப் போவார். கல்லூரிச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பாதைகள்தான். அங்கே நான் பார்த்ததையும் படித்ததையும், செய்த ஒரு பிழையையும் தங்கைகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

கிரவல் சைக்கிள் என்றால் என்ன?

தார் வீதியில் வேகமாக ஓடும் பந்தய சைக்கிளின் டயர் மெல்லியது, ஏறத்தாழ 25 முதல் 28 மில்லிமீற்றர் அகலம். அதில் காற்றை இறுக்கமாக அடைத்திருப்பார்கள். கல் நிறைந்த பாதையில் அது ஒவ்வொரு கல்லிலும் மோதித் துள்ளும். மலைப்பாதை சைக்கிளின் டயர் மிகத் தடிப்பானது. கரடுமுரடான இடத்துக்கு அது நல்லது, நீண்ட தூரத்துக்குப் பாரம். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது கிரவல் சைக்கிள். அதன் டயர் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீற்றர் அகலமானது. காற்றையும் சற்றுக் குறைவாகவே அடைப்பார்கள்.

காற்றைக் குறைத்தால் ஓட்டம் மெதுவாகிவிடாதா என்று நானும் கேட்டேன். மதினி டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். சிறுகல்லின்மேல் ஏறும்போது மென்மையான டயர் கல்லைச் சுற்றிக் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். சைக்கிளும் ஆளும் மேலே தூக்கிப்போடப்படுவதில்லை. துள்ளலில் வீணாகும் பலம் மிச்சமாகிறது, நிலத்தோடு பிடிமானமும் கூடுகிறது. அளவுக்கு மீறிக் குறைத்தால் சக்கரத்தின் வளையம் கல்லில் இடிபடும். ஆகவே ஓட்டுபவரின் எடைக்கும் பாதைக்கும் ஏற்றபடி நடு அளவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓட்டும் முறையிலும் வித்தியாசம் உண்டு. உதிரிக் கல்லின்மேல் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. சக்கரத்தின் அடியில் கிடக்கும் கல்லைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து மீற்றர் முன்னால் பார்க்க வேண்டும். வாப்பா அன்று பின்னாலிருந்து கத்தியதும் இதைத்தான்: "கீழ பாக்காத, தூரப் பாரு!"

மன்னனின் வேட்டைக் களம்

நியூ ஃபொரஸ்ட் என்றால் "புதிய காடு". பெயரில்தான் புதுமை. இங்கிலாந்தை வென்ற நோர்மன் மன்னன் முதலாம் வில்லியம் 1079ஆம் ஆண்டளவில் இதைத் தன் வேட்டைக் களமாக அறிவித்தான். 1086இல் தொகுக்கப்பட்ட நிலக் கணக்கெடுப்பு நூலான டூம்ஸ்டே புத்தகத்தில் இதன் பெயர் பதிவாகியிருக்கிறது.

அந்தக் காலத்தில் "ஃபொரஸ்ட்" என்ற சொல் மரங்கள் அடர்ந்த இடத்தை மட்டும் குறிக்கவில்லை. தனிச் சட்டத்துக்கு உட்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். மரக்காடு, புல்வெளி, சதுப்பு, கிராமம் எல்லாம் அதற்குள் அடங்கின. அங்கே மான் மன்னனுடையது. மானுக்கு நிழலும் தீனியும் தரும் செடிகொடிகளும் மன்னனுடையவை. அங்கு பிறந்து வளர்ந்த குடியானவன் மானைக் கொன்றால் கடுந்தண்டனை. மானைத் துரத்தாமலிருக்கப் பெரிய நாய்களின் முன்கால் நகங்களையும் வெட்டிவிடுவார்கள். லிண்ட்ஹர்ஸ்ட் ஊரில் உள்ள பழைய நீதிமன்ற மண்டபத்தில் ஒரு பெரிய இரும்பு அங்கவடி தொங்குகிறது. அதற்குள் நுழையக்கூடிய சிறிய நாய்கள் மட்டுமே அந்தத் தண்டனையிலிருந்து தப்பின என்று சொல்வார்கள்.

வில்லியத்தின் மகன் மன்னன் இரண்டாம் வில்லியம் இதே காட்டில் வேட்டையாடும்போது, 1100ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதி அம்பு பட்டு இறந்தான். அது விபத்தா கொலையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அவன் விழுந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் 1745இல் நாட்டிய நினைவுக்கல் இருக்கிறது. பின்னர் அதற்கு இரும்பு உறை போட்டுவிட்டார்கள்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1217இல் மூன்றாம் ஹென்றியின் பெயரால் வெளியிடப்பட்ட காட்டுச் சாசனம், வன நிலத்தில் ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் சாதாரண மக்களுக்கு இருந்த உரிமைகளை எழுத்தில் ஏற்றது. மானைக் கொன்றதற்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்றும் அது விதித்தது. மகா சாசனத்தைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அதன் கூடப் பிறந்த இந்தச் சாசனத்தைப் பற்றி நான் அந்தக் காட்டுக்குப் போகும்வரை கேள்விப்பட்டதேயில்லை.

கப்பலுக்கு வளர்த்த மரங்கள்

காலம் போகப் போக மானைவிட மரம் பெறுமதியானது. கடற்படைக் கப்பல்களுக்கு ஓக் மரம் தேவைப்பட்டது. 1698இல் இயற்றிய சட்டம், மரக்கன்றுகளை மேயும் விலங்குகளிடமிருந்து காப்பதற்காக 6,000 ஏக்கர் வரை வேலியடைத்து நடுவதற்கு இடமளித்தது. அப்படி அடைத்த தோப்புகளை இன்றும் "அடைப்பு" என்ற பொருள்படும் பெயரால்தான் அழைக்கிறார்கள். காட்டின் தென்கோடியில், ஆற்றங்கரையிலுள்ள பக்லர்ஸ் ஹார்ட் என்ற சிற்றூரில் கப்பல்கள் கட்டினார்கள். நெல்சன் பின்னாளில் தலைமை தாங்கிய அகமெம்னன் கப்பல் 1781இல் அங்கிருந்துதான் நீரில் இறங்கியது.

1851இல் வந்த இன்னொரு சட்டம் மேலும் பெருமளவு நிலத்தை அடைக்க வழிவிட்டது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. உரிமைக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள், காட்டின் அழகை விரும்பியவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 1877ஆம் ஆண்டுச் சட்டம் புதிய அடைப்புகளை நிறுத்தியது. வேர்டரர்கள் எனப்படும் பழைய காட்டு அதிகாரிகளை, மேய்ச்சல் உரிமையைக் காக்கும் சபையாக அது மாற்றியமைத்தது. மன்னனின் மானைக் காக்க ஏற்பட்ட பதவி மக்களின் மாட்டைக் காக்கும் பதவியாயிற்று. அந்தச் சபை இன்றும் லிண்ட்ஹர்ஸ்டில் கூடுகிறது. காட்டைப் பற்றி முறைப்பாடு உள்ள எவரும் அதன் முன் எழுந்து பேசலாம்.

சைக்கிள் ஓடும் பாதைகள் இந்த வரலாற்றிலிருந்துதான் வந்தன. தோப்புகளில் வெட்டிய மரத்தை வெளியே இழுக்கக் கிரவல் கொட்டிய பாதைகள் தேவைப்பட்டன. இன்று அவற்றில் குறிப்பிட்ட பாதைகளைச் சைக்கிளுக்குத் திறந்து, சந்திக்குச் சந்தி எண்ணிட்ட மரக் கம்பம் நட்டிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து 160 கிலோமீற்றருக்கு மேல் வரும். 2005இல் இது தேசியப் பூங்காவானது. அதன் பரப்பு 566 சதுர கிலோமீற்றர்.

நாங்கள் போன வழி

எங்களுக்குப் பிடித்த சுற்று ஏறத்தாழ 30 கிலோமீற்றர். சவுத்ஹம்ப்டனிலிருந்து புகையிரதத்தில் சைக்கிளோடு ஏறினால் அரை மணிக்குள் பிரொக்கன்ஹர்ஸ்ட் வந்துவிடும். கடைத்தெரு முடியுமிடத்தில் ஒரு சிற்றோடை வீதியைக் குறுக்கறுத்து ஓடும். மட்டக்குதிரைகள் கடைவாசலில் நின்று நம்மைப் பார்க்கும். இந்த ஊரில் "மீரட் வீதி" என்று ஒரு வீதி இருக்கிறது. முதலாம் உலகப் போரில் காயப்பட்ட இந்தியப் படைவீரர்களுக்கு இங்கே மருத்துவமனைகள் அமைத்ததன் ஞாபகம் அது. ஊர்த் தேவாலய மையவாடியில் நியூசிலாந்து வீரர்கள் 93 பேரின் கல்லறைகளோடு இந்தியர் மூவரின் கல்லறைகளும் உள்ளன. நம் பக்கத்து மண்ணிலிருந்து போனவர்கள் அவ்வளவு தூரத்தில் கிடப்பதை நினைத்து அங்கே சற்று நேரம் நின்றோம்.

ஊரைத் தாண்டியதும் கிரவல் தொடங்கும். ஓபர் ஓடையின் நீர் பிளேன்டீயின் நிறத்தில் தெளிவாக ஓடும். சதுப்பு நிலத்தினூடாக ஊறி வருவதால் அந்த நிறம். பிறகு ரைன்ஃபீல்ட் சாலை. 1859இல் அலங்காரத்துக்காக நட்ட ஊசியிலை மரங்கள் இருபுறமும் நிற்கும். அவற்றுள் இரண்டு செம்மரங்கள் ஏறத்தாழ 50 மீற்றர் உயரமானவை. அடுத்து நைட்வுட் ஓக். வயது 500 ஆண்டுக்கு மேல். ஆள் உயரத்துக்கு மேலே கிளைகளை வெட்டி மீண்டும் தளிர்க்கவிடும் பழைய முறையில் வளர்த்ததால், அதன் அடிமரத்திலிருந்து கைவிரல்கள் போலப் பல கிளைகள் எழுகின்றன. அப்படி வெட்டிய மரத்தில் கப்பலுக்கு ஏற்ற நீண்ட பலகை கிடைக்காது. அதனாலேயே 1698இன் சட்டம் அந்த முறையைத் தடுத்தது.

பெரிய வீதியைக் கடந்து போல்டர்வுட் போனால் மேடையொன்றிலிருந்து மான் கூட்டத்தைப் பார்க்கலாம். அங்கிருந்து பேர்லி கிராமத்தை நோக்கி இறக்கம். இறங்கியதும் மரங்கள் விலகி வெட்டவெளி தெரியும். ஓகஸ்ட் மாதத்தில் ஹெதர் செடி பூத்து நிலமெல்லாம் ஊதா நிறமாகிவிடும். மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் என்ற முட்செடியும் அங்கங்கே நிற்கும். ஆங்கிலேயர் மலைநாட்டுக்குக் கொண்டுவந்து, இன்று ஹோர்ட்டன் சமவெளியில் தொல்லையாகப் பரவியிருப்பது இதே செடிதான். தன் சொந்த ஊரில் அது பறவைக்கு வீடு, மட்டக்குதிரைக்குக் குளிர்காலத் தீனி.

பேர்லிக்கு அருகே கிரவல் பாதை ஒரேயடியாக நேராகவும் மட்டமாகவும் மாறும். அது 1847இல் திறந்து 1964இல் மூடப்பட்ட புகையிரதப் பாதை. வளைந்து வளைந்து போவதால் அந்தக் காலத்தில் அதைத் தக்கைத் திருகாணி என்று கேலி செய்தார்களாம். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், மண்மேடு மிஞ்சியிருக்கிறது. புகையிரதம் செங்குத்தாக ஏறாது அல்லவா, அதனால் சைக்கிளுக்கும் அங்கே ஏற்றம் இல்லை. ஹோம்ஸ்லி வரை அதில் போய், வில்வர்லி தோப்பு வழியாக பிரொக்கன்ஹர்ஸ்ட் திரும்புவோம்.

வேலியில்லாத விலங்குகள்

வழியெல்லாம் மட்டக்குதிரைகளும் மாடுகளும் கழுதைகளும் வேலியின்றித் திரியும். பார்த்தால் காட்டு விலங்குகள் போலிருக்கும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மேய்க்கும் உரிமை ஒரு குறிப்பிட்ட வீட்டோடும் காணியோடும் இணைந்தது, அந்தக் காணியில் குடியிருப்பவருக்கு அது கிடைக்கும். ஆண்டுதோறும் ஒவ்வொரு விலங்குக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். அஜிஸ்டர் எனப்படும் காவலர்கள் குதிரையில் சுற்றி அவற்றைக் கவனிப்பார்கள். கட்டணம் செலுத்திய மட்டக்குதிரையின் வாலை, எந்தக் காவலரின் பகுதியோ அந்தப் பகுதிக்குரிய பாணியில் வெட்டிவிடுவார்கள். வாலைப் பார்த்தே விபரம் தெரிந்துகொள்ளலாம்.

இந்த மேய்ச்சலே வெட்டவெளியைக் காக்கிறது. விலங்குகள் மேயாவிட்டால் சில பத்தாண்டுகளில் புதரும் மரமும் மூடிவிடும். வெட்டவெளியை நம்பி வாழும் பறவைகள் போய்விடும். உரிமைக்காரருக்கு இதில் பெரிய இலாபம் இல்லை. வீட்டு விலை ஏறுகிறது, வீதியில் ஓடும் வாகனங்கள் மோதி ஒவ்வோர் ஆண்டும் பல விலங்குகள் இறக்கின்றன. ஆனாலும் விடாமல் செய்கிறார்கள்.

நான் செய்த பிழை

மே மாதக் கடைசியில் ஒரு நாள் மதினிக்கு வேலை இருந்தது. நான் தனியே போகத் தீர்மானித்தேன். உம்மா தொலைபேசியில் கேட்டார்: "தனியாவா போற? அப்ப நம்பர் போட்ட பாதைய விட்டு எறங்காத. என்ன?" சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

திரும்பும்போது நேரமாகிவிட்டது. வரைபடத்தில் பார்த்தால், வெட்டவெளியைக் குறுக்கே கடந்தால் இரண்டு கிலோமீற்றர் மிச்சம். மட்டக்குதிரைகள் நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை ஒன்றும் தெரிந்தது. இறங்கிவிட்டேன். இருநூறு மீற்றர்கூடப் போயிருக்க மாட்டேன், புல்லென்று நினைத்த பச்சையில் முன்சக்கரம் புதைந்தது. காலை ஊன்றினேன். முழங்கால் வரை உள்ளே போனது. அதே நேரத்தில் தலைக்கு மேலே ஒரு பறவை கத்திக் கத்தி வட்டமிட்டது. நீண்டு வளைந்த அலகு. கர்லூ என்று பெயர். குளிர்காலத்தில் நம் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளுக்கும் வரும் இனம் அது.

கிரவல் பாதையில் குதிரைமேல் ஒரு வயதான பெண் நின்றிருந்தார். அவர் உள்ளே வரவில்லை. வந்த தடத்திலேயே திரும்பி வரும்படி உரத்துச் சொன்னார். சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வெட்கம் சற்றுக் குறைந்திருக்கும். அந்தப் பச்சை புல்லல்ல, தண்ணீரின்மேல் வளர்ந்த பாசி என்று விளக்கினார். அவருடைய மட்டக்குதிரைகளுக்கு எங்கே கால்வைக்கலாமென்று தெரியும், சைக்கிளுக்குத் தெரியாது. அந்தப் பறவை நிலத்தில் கூடு கட்டுவது. நான் அங்கே நிற்கும்வரை அது கூட்டுக்குத் திரும்பாது. முட்டை குளிர்ந்துபோகும், அல்லது காகம் கண்டுபிடித்துவிடும். "நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இறங்குகிறார்கள்" என்றார்.

புகையிரதம் தப்பிவிட்டது. அடுத்த புகையிரதத்துக்குக் காத்திருக்கும்போது உம்மாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கால் காஞ்சிட்டா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு, "அடுத்த கிழமையும் போறதா?" என்றார். போவேன் என்றேன். "சரி. சொன்னியே, அது போதும்" என்றார்.

அன்றிரவு அந்தக் காட்டின் சட்டங்களை நினைத்துப் பார்த்தேன். வில்லியம் மன்னனின் சட்டமும் ஒரு எல்லை போட்டது, எண்ணிட்ட கம்பமும் ஒரு எல்லை போடுகிறது. முதலாவது, ஒருவர் அனுபவிக்க மற்றெல்லோரையும் வெளியே நிறுத்தியது. இரண்டாவது, எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டு, எல்லோரிடமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படி கேட்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்தது என் பிழை. உம்மாவின் வார்த்தையும் இந்த இரண்டாவது வகைதான். போகாதே என்று அவர் சொல்லவில்லை. போய்த் திரும்பி வர வழி சொன்னார்.

போகிறவர்கள் அறிய வேண்டியவை

உங்களில் சிலர் படிப்புக்காகவோ குடும்பத்தோடோ அந்தப் பக்கம் போகக்கூடும். அவர்களுக்குச் சில குறிப்புகள்.

சைக்கிள் எடுத்துப் போகத் தேவையில்லை, பிரொக்கன்ஹர்ஸ்டிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கம்பத்தின் எண்ணையும் வரைபடத்தையும் ஒப்பிட்டுக்கொண்டு போங்கள். கையடக்கத் தொலைபேசிக்குச் சில இடங்களில் சமிக்ஞை கிடைக்காது. வீட்டாரிடம் முன்கூட்டியே எண்களைச் சொல்லி வையுங்கள். அங்குள்ள சரளையில் கூரான சக்கிமுக்கிக் கற்கள் உண்டு, ஆகவே உதிரி டியூப்பும் காற்றடிக்கும் பம்பும் அவசியம்.

மட்டக்குதிரைக்குத் தீனி கொடுக்கக் கூடாது, தடவவும் கூடாது. குட்டியோடு நிற்கும் தாய்க்குத் தூரம் விட்டுப் போங்கள். குதிரையில் வருபவரைப் பின்னாலிருந்து நெருங்கினால், தூரத்திலேயே குரல் கொடுத்து மெதுவாகக் கடக்க வேண்டும். திறந்த படலையை மறக்காமல் சாத்துங்கள். வசந்தத்திலும் கோடையிலும் பறவைகள் நிலத்தில் கூடு கட்டியிருக்கும், கிரவலை விட்டு இறங்காதீர்கள். கைகால்களை மூடிய உடை அங்கே நல்லது. புதர்களில் உண்ணி இருக்கிறது. லைம் எனப்படும் நோயை அது பரப்பக்கூடும், வீடு வந்ததும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இருபத்தாறு வயதில் மறுபடி சைக்கிளில் ஏறியபோது நான் விழவில்லை. வாப்பா பிடித்துக்கொண்டு ஓடிய அந்தச் சில வாரங்கள் பதினான்கு வருடம் உடம்பில் தங்கியிருந்தன. எந்த இடத்தில் அவர் கையை விட்டார் என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டால் சிரிப்பார்.